பின்சீட்டுத் தீர்த்தம்

பாலுசாமிக்கு வாய்த்த மூக்கு, பஸ் ஓட்டுகிறவனுக்கு வாய்க்க வேண்டிய மூக்கே அல்ல. பக்கத்து வீட்டில் குழம்பு ஊசிப்போனால் இவனுக்கு இங்கே குமட்டும். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் மூத்திரச் சந்தினைத் தாண்டிப் போக வேண்டியிருந்தால் வெயிலில் ஊரைச் சுற்றிக்கொண்டு வருவானே தவிர அந்தப் பக்கம் தலைவைக்க மாட்டான். அப்படிப்பட்டவன் பொள்ளாச்சிக்கும் பல்லடத்துக்கும் நடுவே ஒரு தனியார் பஸ்ஸை ஓட்டிப் பிழைத்தான்.

அதையும் நல்ல நாளில் ஜோராகத்தான் ஓட்டினான். காக்கிச் சட்டையில் இஸ்திரிப் பெட்டி போட்ட மடிப்பு நலுங்காது. முன் கண்ணாடிக்கு மேலே தினமும் புது மல்லிகைச் சரம் தொங்கும். நூற்பாலைக்குப் போகிற பெண்கள் அந்த பஸ்ஸுக்கு 'மல்லிப்பூ வண்டி' என்றே பேர் வைத்திருந்தார்கள். அவர்களில் ஒருத்திதான் மயிலாத்தாள். ஒருநாள் இறங்கும்போது, "ஏனுங்க டிரைவருங்க, சாயந்தரம் இந்தப் பூவ என்னுங்க பண்ணுவீங்க?" என்று கேட்டாள். அன்று சாயந்தரத்திலிருந்து அந்தப் பூ அவள் தலைக்குப் போயிற்று. அடுத்த தை மாதம் கல்யாணம்.

இதெல்லாம் வண்டியில் தீர்த்தம் ஊற்ற ஆரம்பிப்பதற்கு முந்தைய கதை.

தீர்த்தம் என்றால் என்னவென்று சொல்லிவிட வேண்டும். பஸ் முதலாளி அங்கப்பன், பாலுசாமிக்கும் சொந்த ஊரான கருக்கம்பாளையத்துக்காரர். நெற்றி நிறையத் திருநீறு, கிருத்திகை தவறாமல் மருதமலை, ஊர் மாரியம்மன் திருவிழாவான நோம்பியில் அவருக்குத்தான் முதல் மரியாதை. தொண்ணூறுகளின் நடுவில் டீசல் விலை ஏற ஏற அவருக்குத் தூக்கம் குறைந்தது. ரேஷன் கடைக்காரனைக் கையில் போட்டுக்கொண்டார். ஏழை வீட்டு அடுப்பு எரியட்டும் என்று நீலச் சாயம் கலந்து சர்க்கார் அனுப்புகிற மண்ணெண்ணெய், வெள்ளைப் பிளாஸ்டிக் கேன்களில் அவருடைய ஷெட்டில் வந்து இறங்கியது. டீசலோடு அதையும் டேங்கில் ஊற்றுவார்கள். வெறும் மண்ணெண்ணெய்க்குப் பம்பு காய்ந்து இறுகிப்போகும் என்பதால், மேலே கொஞ்சம் கழிவு என்ஜின் ஆயில். கண்ட கழிசடையையும் வண்டியின் வாயில் ஊற்றிவிட்டு, சனங்களை அதன் வயிற்றில் ஏற்றி அனுப்பினார்கள்.

மண்ணெண்ணெய் என்ற வார்த்தை மட்டும் யார் வாயிலும் வரக்கூடாது. அது அங்கப்பன் போட்ட உத்தரவு. போனில் பேசினாலும் சரி, ஆள் விட்டாலும் சரி, 'தீர்த்தம்' என்றுதான் சொல்ல வேண்டும். தீர்த்தம் வந்துடுச்சுங்களா, தீர்த்தம் ஊத்தியாச்சுங்க, பின்சீட்டுக்கடியில ஒரு கேன் தீர்த்தம் போட்டு வையுங்க. திருநீறு பூசிய நெற்றியோடு அவர் அதைச் சொல்லும்போது பாலுசாமி முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஆனால் சொல்லிச் சொல்லி அவன் வாயிலும் அது ஒட்டிக்கொண்டது. கொஞ்ச காலத்தில், பின்சீட்டுக்கடியில் கேனில் இருப்பது எதுவானாலும் அவனுக்கு அது தீர்த்தம்தான்.

வண்டி நாறியது. சைலன்சர் கக்கிய புகை பின்பக்க ஜன்னல் வழியாகத் திரும்ப உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டே இறங்கினார்கள். மாசமாக இருந்த ஒரு பெண் நெகமத்தில் பாதி வழியிலேயே இறங்கி, ரோட்டோரத்தில் வாந்தியெடுத்துவிட்டு, "எந்த எழவ ஊத்தி ஓட்டறீங்க?" என்று கத்தினாள். பாலுசாமி கேட்காதவன் போல கியரைப் போட்டான். மல்லிகையும் அந்த நாற்றமும் கலந்து அடித்த வாடை, வெறும் நாற்றத்தைவிட மோசமாக இருந்தது. அவன் பூ வாங்குவதை நிறுத்தினான்.

ஒரே ஒரு தடவை முதலாளியிடம் வாய் திறந்தான்.

"மொதலாளி, சனங்களுக்குக் கண்ணு எரியுதுங்களாமா."

"எரிஞ்சா மூடிக்கச் சொல்லுப்பா. டிக்கெட்டு எடுக்கறதுக்குக் கண்ணு எதுக்கு?" அங்கப்பன் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "உனக்கும் எரிஞ்சா சொல்லிப்போடு. ஸ்டீரிங்கு புடிக்க ஆளா இல்ல?"

பாலுசாமிக்கு எரியத்தான் செய்தது. ஆனால் மறுநாளும் ஸ்டீரிங்கைப் பிடித்தான்.

வீட்டில் வேறு கூத்து. மயிலாத்தாள் கேனைத் தூக்கிக்கொண்டு ரேஷன் கடைக்குப் போவாள். "ஸ்டாக் இல்லீங்க அம்மணி" என்பான் கடைக்காரன். வெறுங்கேனோடு திரும்பி வருவாள். கல்யாணச் சீராக வந்த பித்தளைப் பம்ப் ஸ்டவ் பரணில் ஏறிவிட்டது, அதற்குள் பல்லி முட்டை வைத்துக் குஞ்சும் பொரித்துவிட்டது. தென்னமட்டையையும் பருத்திமாரையும் எரித்துப் புகைக்குள் இருமிக்கொண்டே சமைத்தாள். தன் அடுப்புக்கு வர வேண்டிய எண்ணெய் எங்கே போகிறது என்பது அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? புருஷன் சட்டையைத் துவைக்கிறவள் அவள்தானே.

"ரேசன் எண்ணெய் நம்மூட்டுக்கு உங்க சட்டையிலதானுங்க வருது," என்றாள் ஒருநாள். "புழிஞ்சா ஒரு வேளைச் சோறு ஆக்கிப்போடலாமுங்க."

முதல் தடவை அவனும் சிரித்தான். இரண்டாவது தடவை தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். அதற்குப் பிறகு அவள் சொல்வதில்லை. சீயக்காய் போட்டுக் கசக்கியும் அந்த வாடை போகவில்லை, பாயில் ஏறியது, தலையணையில் ஏறியது, கடைசியில் அவள் புடவையிலும் ஏறியது. "நாறுதா அம்மணி?" என்று ஒருநாள் அவனே கேட்டான். "எனக்கு இப்பல்லாம் ஒண்ணும் தெரியறதில்லீங்க, பழகிப்போச்சு" என்றாள். பூவை மோந்து பார்த்துச் சிரித்த பெண்ணின் மூக்கைத் தான்தான் கொன்றுபோட்டோம் என்று அவனுக்குப் பட்டது.

அந்த வருஷம் மாரியம்மன் நோம்பி வந்தது. கோயிலுக்கு முன்னால் மூன்று கிளை கொண்ட கம்பத்தை நட்டு, அதன் தலையில் பூவோடு என்கிற நெருப்புச் சட்டியை வைப்பார்கள். கடைசி நாள், பெண்கள் மஞ்சள் புடவை கட்டி, காவிரித் தீர்த்தத்தைக் குடம் குடமாகக் கம்பத்துக்கு ஊற்றுவார்கள். தீர்த்தம் கொடுமுடியிலிருந்து வர வேண்டும். முன்பெல்லாம் ஆண்கள் நடந்தே போய்ச் சுமந்து வந்தார்கள். அங்கப்பன், "எதுக்கு நடந்துட்டு? நம்ம வண்டி இருக்குதல்ல" என்று பஸ்ஸைக் கொடுத்துப் பேரை வாங்கிக்கொண்டார். கேன்களும் அவர் ஷெட்டுக் கேன்களே. புளி போட்டுத் தேய்த்துக் கழுவினார்கள். கழுவினால் போகிற நாற்றமா அது.

பாலுசாமிதான் வண்டியை ஓட்டிக்கொண்டு போனான். கொடுமுடிப் படித்துறையில் பூசாரி மருதாசலம் ஒவ்வொரு கேனிலும் துளசியைக் கிள்ளிப் போட்டு, மஞ்சளைக் கரைத்து, மூடியை இறுக்கினார். அத்தனையும் பின்சீட்டுக்கடியில் ஏறின. அங்கே ஏற்கெனவே இன்னொரு கேன் கிடந்தது. திரும்பி வருவதற்கு டீசல் போதாமல் போனால் ஊற்றிக்கொள்ளலாம் என்று கண்டக்டர் நரசிம்மலு போட்டு வைத்த வேறொரு தீர்த்தம். அது தேவைப்படவில்லை. யாரும் அதை நினைக்கவும் இல்லை.

ஊர் வந்து சேர்ந்தபோது சாயந்தரம். தாரை தப்பட்டை எதிர்கொண்டது. களைத்துப்போன பாலுசாமி சீட்டை விட்டு எழவில்லை. கேன்களை இறக்க ஏறிய மருதாசலம் பின்னாலிருந்து கேட்டார்.

"ஏனுங்க டிரைவரே, இதுல தீர்த்தம் எது எதுங்க?"

பாலுசாமி திரும்பிப் பார்க்கவில்லை. "பின்சீட்டுக்கடியில இருக்கறது பூராத் தீர்த்தம்தானுங்க, எறக்குங்க" என்றான்.

பொய் சொல்லவில்லை. அவன் பாஷையில் அது உண்மைதான்.

கொண்டு வந்த கணக்குக்குக் கேன்களை இறக்கிக்கொண்டு மருதாசலம் போய்விட்டார். உள்ளே தள்ளிக் கிடந்த ஒரு கேன் வண்டியிலேயே தங்கிவிட்டது. வீட்டுக்குப் போனால் மயிலாத்தாள் முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள்.

"கேட்டீங்களா? நாளைக்கு மொதக் குடம் நானுங்களாமா! தீர்த்தங் கொண்டாந்த டிரைவரு சம்சாரம் ஊத்தட்டும்னு மொதலாளியே சொன்னாருங்க."

அவள் அப்படிச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது. பாலுசாமி அங்கப்பனை மனசுக்குள் முதல்முறையாக வாழ்த்தினான்.

நோம்பியன்றும் பஸ் ஓடியாக வேண்டும், கூட்டம் இருக்கிற நாளில் முதலாளி வண்டியை நிறுத்துவாரா? காலையில் பல்லடத்தில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தபோது நரசிம்மலு வந்து ஜன்னலோரம் நின்றார். மூக்குப்பொடி போட்டே மூக்கை அடைத்துக்கொண்ட மனுசன்.

"ஏனுங்ணா, பின்சீட்டுக்கடியில ஒரு கேன் தீர்த்தம் மிச்சங் கெடக்குதுங்க."

"கெடந்தா என்னுங்க? டேங்குல ஊத்திப்போடுங்க."

ஊற்றினார்.

கருக்கம்பாளையம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், தென்னந்தோப்பு வளைவில், வண்டி இரண்டு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றது. ஸ்டார்ட் செய்தால் இருமியது. சனங்கள் முணுமுணுத்தார்கள். கோயில் மேளம் இங்கேயே கேட்டது. பாலுசாமி கீழே படுத்து டேங்கின் அடி நட்டைக் கழற்றினான். கையில் கொட்டியது சில்லென்றிருந்தது. எண்ணெயின் வழவழப்பு இல்லை. உள்ளங்கையில் ஒரு துளசி இலை வந்து ஒட்டியது.

அவன் கையை மூக்குக்குக் கொண்டுபோனான். ஆற்றுத் தண்ணீர் வாசம். இத்தனை நாளுக்குப் பிறகு அந்த வண்டியிலிருந்து வந்த ஒரே சுத்தமான வாசம் அதுதான். அதை மோந்த நிமிஷத்தில் அவனுக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது.

"எந்தக் கேன ஊத்துனீங்க?"

"தீர்த்தக் கேனத்தானுங்ணா. நீங்கதான ஊத்தச் சொன்னீங்க?"

காவிரி இங்கே டேங்கில் இருக்கிறது. அப்படியானால் கோயிலில் இருப்பது எது? பின்சீட்டுக்கடியில் இருப்பது பூராத் தீர்த்தம்தான் என்று சொன்னது யார்? முதல் குடம் யாருக்கு?

பாலுசாமி செருப்பை உதறிவிட்டு ஓடினான்.

கோயிலில் நடந்தது அவனுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. எல்லாக் கேன்களையும் ஒரு பெரிய அண்டாவில் கவிழ்த்து, மேலே மஞ்சள்பொடியையும் வேப்பிலையையும் தூவியிருந்தார்கள். வாடை வரத்தான் செய்தது. மருதாசலம்கூட மூக்கைச் சுளித்தாராம். "அங்கப்பன் வண்டியில வந்த தீர்த்தம், பின்ன பன்னீரா மணக்கும்?" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்களாம். கலந்த எண்ணெய் தண்ணீரோடு சேராமல், நீலம் மஞ்சள்பொடியில் மறைந்து, மேலே மிதந்துகொண்டிருந்தது. முதல் குடத்தை மேலாகத்தானே மொள்வார்கள்.

ஓடி வந்த பாலுசாமி, மயிலாத்தாள் குடத்தைத் தலைக்கு ஏற்றுவதைப் பார்த்தான். தளும்பியது அவள் தோளிலும் மாராப்பிலும் வழிந்தது. கம்பத்தின் தலையில் பூவோடு தகதகவென்று கனன்றது. எல்லா மூக்கும் மரத்துப்போன ஊரில், அவள் மூக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

"ஊத்தாதே! அது தீர்த்தமில்ல! தீர்த்தமில்ல!" என்று அலறினான்.

வெறுங்காலும் அவிழ்ந்த சட்டையுமாக ஒருவன் தீர்த்தம் தீர்த்தம் என்று அலறிக்கொண்டு வந்தால், நோம்பிக் கூட்டம் என்ன நினைக்கும்? சாமி வந்துவிட்டது என்று நினைத்தது. பெண்கள் குலவையிட்டார்கள். தப்பட்டைக்காரர்கள் அடியை வேகப்படுத்தினார்கள். நாலைந்து பேர் அவனை இடுப்போடு கட்டிப் பிடித்து நெற்றியில் திருநீறு அப்பினார்கள். அவன் திமிரத் திமிர, பிடி இறுகியது.

பரிவட்டம் கட்டிக்கொண்டு முன்னால் நின்ற அங்கப்பனை அவன் பார்த்தான். "மொதலாளி! நம்ம தீர்த்தமுங்க! ஷெட்டுத் தீர்த்தமுங்க!"

அங்கப்பனுக்குப் புரிந்துவிட்டது. அவர் முகம் வெளுத்ததைப் பாலுசாமி பார்த்தான். அண்டாவைப் பார்த்தார், மயிலாத்தாளைப் பார்த்தார், கூடியிருந்த ஊரைப் பார்த்தார். ஒரு சொல் போதும். நிறுத்து என்ற ஒரே சொல். அந்த மனுசன் உதட்டை நக்கிக்கொண்டு, "சாமி உக்கிரமா வந்திருக்குது, நல்லாப் புடிங்கப்பா" என்றார்.

த்தூ. இதை எழுதும்போதுகூடக் காறித் துப்பத் தோன்றுகிறது.

மயிலாத்தாள் குடத்தை இரண்டு கையாலும் உயர்த்திக் கம்பத்துக்கு ஊற்றினாள். பூவோட்டின் மேல் தெறித்தது. அடுத்த கணம் கம்பத்திலிருந்து குடத்துக்கும், குடத்திலிருந்து அவளுக்கும் நெருப்பு வந்தது. பிடித்திருந்த கைகள் தாமாகவே விட்டுவிட்டன. அண்டாவிலிருந்து மொண்டு ஊற்றப் போனவனைப் பாலுசாமி எட்டி உதைத்துத் தள்ளினான். பெரிய மனுசர்கள் உட்கார விரித்திருந்த பவானி ஜமுக்காளத்தை உருவி, அவளைச் சுற்றிக் கட்டி மண்ணில் உருட்டினான். மல்லிகைப் பூவும் மயிரும் கருகிய நாற்றம் அவன் மூக்கில் ஏறியது. அந்த நாற்றம் இன்றுவரை இறங்கவில்லை.

அவளைக் கோயம்புத்தூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அங்கப்பன் தன் காரிலேயே கொண்டுபோனார். நல்லவர்தான். பரிவட்டத்தை அவிழ்த்து, மடிப்புக் கலையாமல் மடித்து வைத்துவிட்டுத்தான் வண்டியைக் கிளப்பினார். வழியெல்லாம் மயிலாத்தாள் முனகிக்கொண்டே வந்தாள்.

"பாலு, காது குடுத்துக் கேளு," என்றார் அங்கப்பன். "ஊட்டுல ஸ்டவ் வெடிச்சுது. அவ்வளவுதான். கோயில்னு வாயத் தெறந்தா அம்மன் பேரு கெட்டுப்போகும். ஊர்ல பேசியாச்சு, எல்லாரும் இதத்தான் சொல்லுவாங்க." ஹாரனை அடித்து ஒரு லாரியைத் தாண்டினார். பிறகு சொன்னார். "அப்பறம், எறக்கச் சொன்னது ஆரு? நீ. டேங்குல ஊத்தறது ஆரு? நீ. உள்ள போறதும் நீதான், பாத்துக்கோ."

அவள் உடம்பு எரிந்து அடங்குவதற்குள் ஊர் கூடிப் பேசி முடித்திருந்தது. நோம்பிக்கு வரி கொடுத்தவர்கள், பிடித்தவர்கள், குலவையிட்டவர்கள், எல்லோரும் ஒரே வாயாக ஸ்டவ் என்றார்கள். பெண்பிள்ளை நெருப்பில் வெந்தால் ஸ்டவ் வெடித்தது என்று சொல்லிவிட்டுப் போவது அந்தக் காலத்தில் யாருக்கும் உறுத்தவில்லை. அந்தப் பொய் தயாராகவே இருந்தது, எடுத்து மாட்டிக்கொண்டார்கள்.

பாலுசாமியும் மாட்டிக்கொண்டான். அதுதான் கேவலம். மருந்து தடவி வாழையிலையில் கிடத்தியிருந்த மனைவியின் காதோரம் குனிந்து, "போலீசு வந்து கேக்குமுங்க அம்மணி. ஸ்டவ்வுன்னு சொல்லிப்போடு. நான் உள்ள போயிட்டா உன்னை ஆரு பாத்துக்குவாங்க?" என்றான். தப்பியிருந்த ஒரு கண்ணால் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முகத்தின் ஒரு பக்கத்தையும் இரண்டு கைகளையும் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

வாக்குமூலம் வாங்க வந்த ஏட்டு ஷேக் பரீத், இதுபோல எத்தனையோ பார்த்தவர். கட்டில் பக்கம் ஸ்டூலைப் போட்டுக்கொண்டார். தலைமாட்டில் பாலுசாமி நின்றான். கதவோரம் அங்கப்பன், ஆரஞ்சுப் பழப் பையோடு.

"என்னம்மா, எப்படி ஆச்சு? ஸ்டவ்வுதானே?" பேனாவைத் திறக்கும்போதே எழுத வேண்டியது அவருக்குத் தெரிந்திருந்தது.

மயிலாத்தாள் உதட்டை மெல்லப் பிரித்தாள்.

"எங்கூட்டு ஸ்டவ்வுல பல்லிதானுங்க சார் குடியிருக்குது."

ஏட்டு நிமிர்ந்தார்.

"எண்ணெய் இருந்தாத்தானுங்க வெடிக்கும்? ரேசன்ல கேட்டா இல்லீங்கறாங்க. எங்கூட்டுக்கு எண்ணெய் வர்றது ஒரே வழியிலதானுங்க." மூச்சு வாங்கினாள். கண்ணை மட்டும் புருஷன் பக்கம் திருப்பினாள். "இவுரு சட்டைய மோந்து பாருங்க சார்."

கதவோரம் ஆரஞ்சுப் பை கீழே விழுந்தது. ஏட்டு பாலுசாமியைப் பார்த்தார். அங்கப்பனும் பார்த்தார். ஸ்டவ் என்ற ஒரு சொல்லைச் சொன்னால் இப்போதும் அவன் தப்பித்துவிடலாம்.

பாலுசாமி பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். நோம்பியன்று போட்ட அதே காக்கிச் சட்டை. அதைச் சுருட்டி ஏட்டின் கையில் கொடுத்துவிட்டு, வெறும் மார்போடு நின்றான்.

"மோந்து பாருங்க சார்," என்றான். "அப்பறம் அதோ மொதலாளி நெத்தித் திருநீத்தையும் மோந்து பாருங்க."